பாகீரதி கூட்டிய கூட்டம்

மலையாளச் சீமையிலிருந்த வலியசாலைத் தமிழ் வாசகசாலையில் வியாழக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மன்றாடி அதை வாங்கியவள் பாகீரதி. பதினாலு வயதில் விதவையானவள். இப்போது முப்பதைத் தாண்டி, அண்ணன் வீட்டில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து வாரம் திரும்புமுன் ஜன்னி கண்டு போயிருந்தன. அதனால்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் நேசமணியை ஒரு வியாழக்கிழமை பேசக் கூப்பிட்டாள்.

நேசமணி நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். தெருவில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் விழுந்தவை.

"தொப்புள்கொடி அறுக்க கத்திய நல்லா கொதிக்க வச்ச வெந்நீர்ல போட்டு எடுக்கணும், பாத்துக்கிடுங்க. அரிவாமணையில அறுத்தா விஷம் ஏறிரும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வாசகசாலைப் பிரசிடெண்ட் வெங்கடசுப்ரமணிய ஐயர் உள்ளே வந்தார். ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். இங்கே அவருக்கென்று ஒரு கை வைத்த தேக்கு நாற்காலி உண்டு. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

"சரஸ்வதி இருக்கற இடத்துல தீட்டுக் கதையா? கோயிலைத்தான் எல்லா ஜாதிக்கும் திறந்து விட்டாச்சு, இதையும் சந்தையாக்கணுமோ? போறும், எழுந்திருங்கோ."

நேசமணி பேச்சை நிறுத்தினாள். பாகீரதி எழுந்து, "குழந்தைகள் சாகறது மாமா, அதனாலதான்..." என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை பெறாதவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

அத்தனை பெண்களும் கேட்டார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து வெளியே போனார்கள். அடுத்த வியாழன் கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வியாழனும்.

பாகீரதி அழவில்லை. உரலில் மாவு ஆட்டும்போதெல்லாம் அந்த வார்த்தை குழவியோடு சேர்ந்து சுற்றியது. அவருக்கு எது வலிக்கும் என்று யோசித்தாள். பணம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாற்காலிதான் உயிர். எல்லார் எதிரிலும் அவர் அதிலிருந்து எழுந்து போக வேண்டும். அதைப் பார்க்காமல் சாவதில்லை என்று முடிவு செய்தாள்.

வாசகசாலைக் காரியதரிசி சாம்பசிவன் சாது. அங்கத்தினர் கூடினால் சர்க்கார் கிராண்டுப் பணமும் கூடும் என்பது அவர் கவலை. அவரிடம் கேட்டாள்: "பெண்கள் அவாவா பேர்ல சேரலாமோ?"

"சேரப்படாதுன்னு விதி இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் அவள் கால் ஓயவில்லை. வடாம் இடப் போன வீட்டில், நோன்புக்குச் சமைக்கப் போன வீட்டில், அடுப்படியிலேயே பேசினாள். ஒருத்திக்குத் தமிழ் வாரப் பத்திரிகையின் தொடர்கதை வேண்டும். ஒருத்திக்குக் கீர்த்தனைகள் ஸ்வரத்தோடு வேண்டும். சாலைக் கடைத்தெருக் கொப்பரை வியாபாரியின் மனைவி விஜயம் சொன்னாள்: "எம்பிள்ள ஸ்கூல்ல மலையாளந்தான் படிக்குது. தமிழ் எழுத்தக் கண்டா முழிக்குது. ஞாயித்துக்கிழம அங்க யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?"

"நீங்க சேருங்கோ, நடக்கும்" என்றாள் பாகீரதி.

நேசமணி தன்னோடு வேலை பார்க்கும் நர்சுகளைச் சேர்த்தாள். ஒவ்வொருத்தியும் சேரச் சேர சாம்பசிவன் கிராண்டை நினைத்துச் சந்தோஷப்பட்டார். பிரசிடெண்ட் காதிலும் விழுந்தது. பெண்களை அவர் ஒரு கணக்கிலும் சேர்த்ததில்லை.

நவராத்திரி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருஷாந்தரக் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வந்து காப்பி குடித்துக் கலையும் கூட்டம். அன்றைக்கு உட்கார இடமில்லை.

"பஜனைன்னு நினைச்சுண்டு வந்துட்டாளோ?" என்று ஐயர் சிரித்தார்.

சாம்பசிவன் சம்பிரதாயமாகக் கேட்டார்: "பிரசிடெண்ட் ஸ்தானத்துக்கு வேற பேர் ஏதாவது உண்டா?"

பாகீரதி எழுந்தாள். "உண்டு. நேசமணியம்மா."

ஐயரின் முகம் கறுத்தது. "என்ன விளையாட்டு இது? ஒரு நர்ஸா?"

"உங்க பேரனைக் கையில ஏந்தினது அந்த நர்ஸ்தானே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஐயருக்காக ஆண்களின் கைகள் உயர்ந்தன. அடுத்து நேசமணிக்கு. வளையல் சத்தம் கூடத்தை நிறைத்தது. விஜயம் தூக்கினாள், நர்சுகள் தூக்கினார்கள். பாகீரதி ஐயரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த முகம் சட்டென்று ஒரு மூலையைப் பார்த்து உறைந்தது. பாகீரதியும் திரும்பினாள்.

தூணோரம் அனந்தலக்ஷ்மி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஐயரின் மனைவி. அவளைக் கேட்க பாகீரதிக்குத் துணிச்சல் வந்ததில்லை. அவளாகவே சாம்பசிவனிடம் சொல்லிச் சேர்ந்திருக்கிறாள்.

"லக்ஷ்மி, கையை இறக்கு" என்றார் ஐயர்.

"என் குழந்தைகள் மூணு போச்சு. நீங்க அன்னிக்கும் தீட்டுன்னுதான் சொன்னேள்" என்றாள் அவள். கை இறங்கவில்லை.

சாம்பசிவன் எண்ணி முடித்து, நேசமணியம்மா ஜெயித்ததாகச் சொன்னார். ஐயர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாகீரதி வழியில் நின்றாள். இத்தனை மாதம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நான் பேரைத்தான் சொன்னேன் மாமா. உங்களை இறக்கினது பிள்ளை பெத்தவா."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். ஒன்றை மாட்டி மற்றதை மாட்டத் தடுமாறியதை அவள் ரசித்துப் பார்த்தாள்.

"மனசு ஆறிச்சா?" என்று நேசமணி மெல்லக் கேட்டாள்.

"ஆறலை. ஆறவும் வேண்டாம்."

அடுத்த வியாழக்கிழமை நேசமணி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முன்வரிசையில் அண்ணன் மனைவி, பக்கத்தில் அனந்தலக்ஷ்மி. ஐயர் வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாராம். "ஆத்துல நிசப்தமா இருக்கு. வாசிக்க சௌகரியம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை விஜயத்தின் பையனும் சாலைக் கடைத்தெருப் பிள்ளைகளும் வந்து அ, ஆ என்று கத்தினார்கள்.

ஒருநாள் ஐயர் வேலைக்காரனை அனுப்பிப் பத்திரிகை கேட்டார். பாகீரதிதான் அன்றைக்குப் பத்திரிகை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகையை வெளியில குடுக்கறதில்லை. எல்லாரையும்போல வந்து வாசிக்கச் சொல்லு. இடம் இருக்கு."

அவர் வரவில்லை. சாயங்காலங்களில் வாசகசாலைக்கு எதிர்ச்சாரியில் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்து போவார். அந்த நேரம் பார்த்து பாகீரதி பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்காருவாள், அவர் கண்ணில் படும்படி.