இப்ராஹிமியாவின் ஜெனரல்

இணையத்தில் ஷொரூக்குக்கு ஜெனரல் என்று பெயர். கொரியப் பாடகன் ஹேமினை யாராவது குறைத்துப் பேசினால் போதும், ஜெனரல் ஒரு வரி எழுதுவாள். நாற்பதாயிரம் பேர் சேர்ந்து அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். கல்லூரியிலோ, பத்தொன்பது வயது ஷொரூக் 'உள்ளேன்' சொன்னால் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. இரண்டும் ஒரே ஆள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஹேமினின் பிறந்தநாளுக்கு அலெக்சாண்டிரியா ரசிகைகள் எல்லாரும் இப்ராஹிமியா பகுதியில், ஹோஸ்னியின் தேநீர்க் கடைக்கு வரவேண்டும் என்று ஜெனரல் அறிவித்தாள். பதினைந்து பேரை எதிர்பார்த்தாள்; அறுபது பெண்கள் ஊதா உடையில் வந்து இறங்கினார்கள். ஷொரூக் தன் பச்சை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ ஒரு ரசிகை மாதிரி மூலையில் ஒடுங்கினாள்.

நான்கு மணிக்கு, தாவ்லா ஆட்டப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹாஜி மித்வல்லி வந்தார். தினமும் அவர் உட்காரும் நாற்காலியில் ஒரு பெண். ஒவ்வொரு தேநீர் கிளாஸையும் சுற்றியிருந்த காகிதத்தில் ஹேமினின் படம் சிரித்தது.

"என்ன ஹோஸ்னி, கடையைக் கல்யாண வீடாக்கிட்டியா? மாப்பிள்ளை யாரு, இந்த உதட்டுச்சாயம் பூசின பயலா?"

"வீடியோ எடுடி! ஜெனரலுக்கு அனுப்பு! நாளைக்கு இந்த ஆளு வெளிய தலை காட்டக் கூடாது!" என்று ஒரு ரசிகை கத்தினாள்.

ஷொரூக்கின் மடியில் ஃபோன் விடாமல் அதிர்ந்தது. நாற்புறமும் ஃபோன்கள் நீள, கிழவர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு விழித்தார். அவள் எழுந்தாள்.

"யாரும் எடுக்காதீங்க. எழுந்து அவருக்கு இடம் விடுங்க."

"நீ யாரு சொல்ல?"

"நான்... நான்தான் ஜெனரல்."

கடையே சிரித்தது. ஷொரூக் தன் ஃபோனில் எதையோ தட்டினாள். அறுபது ஃபோன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன: 'பச்சை முக்காடு சொல்வதைக் கேளுங்கள்.'

சிரிப்பு நின்றது. நாற்காலி காலியானது.

ஹாஜி உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருஷம் பட்டாளத்துல இருந்தேன் மகளே. இவ்வளவு சன்னக் குரல்ல உத்தரவு போட்ட ஜெனரலை நான் பார்த்ததே இல்ல."

"மாமா, அவனைப் பயல்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள், இன்னும் சன்னமாக.

"சரி, பெரிய மனுஷனைச் சொல்ற மாதிரி 'ஹேமின் பே'ன்னே சொல்றேன். ஆடத் தெரியுமா? உட்காரு."

கடையில் நடந்தது இணையத்தில் பரவ, அன்று மாலைக்குள் ஆறாயிரம் பேர் ஜெனரலைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று சிலர் எழுதினார்கள். அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அப்போது அவள் ஹாஜியிடம் மூன்றாவது ஆட்டத்தையும் தோற்றுக்கொண்டிருந்தாள், பின்னால் நின்ற பத்துப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை கத்திக்கொண்டிருந்தார்கள்.