ஒருத்திக்கு இரண்டு பேர்

சுக்கான் துடுப்பு பிடிக்கிறவன் அலையைத்தான் பார்க்க வேண்டும். படகின் அடியில் கட்டிப் போட்டிருப்பவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் அனோமாபு கடற்கரையின் ஓடக்காரனுக்கு இதுதான் முதல் பாடம். உள்நாட்டிலிருந்து பிடித்து வந்து விற்ற சனங்களைக் கோட்டையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிப் போவதுதான் பத்தொன்பது வருஷம் என் பிழைப்பு. அப்போது வெட்கம் இருந்ததில்லை. பிறகு வந்து என்ன பிரயோசனம்? எங்கள் கரை நெடுக ஒல்லாந்தன், ஆங்கிலேயன், டேனியன் என்று ஆளுக்கொரு கோட்டை. தங்களுக்குள் கீரியும் பாம்புமாகச் சண்டை போடுவார்கள். ஆள் வாங்குவதில் மட்டும் எல்லாரும் அண்ணன் தம்பிகள்.

அன்று காலை படகின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எகுவா தலைவிரிகோலமாக ஓடி வந்து என் மார்பில் அறைந்தாள்.

"அடேய் அன்சா! உப்பு விக்கப் போன எம் பொண்ண வழியில மறிச்சுப் பிடிச்சுட்டானுங்களாம்டா. நம்ம கோட்டையிலயே கொண்டாந்து வித்துட்டானுங்களாம்!"

"அரபாவையா? எப்பக்கா?"

"ஞாயித்துக்கெழம. நேத்து நீ கப்பலுக்கு எத்தன நட போன?"

"நாலு."

அப்போதுதான் நேற்று நடந்தது நினைவுக்கு வந்தது. மூன்றாம் நடையில் அடியிலிருந்து ஒரு பெண் குரல் "மாமா! மாமா!" என்று கத்தியது. அலை இரைச்சலில் எல்லாக் குரலும் ஒரே குரல்தான். அப்பா, மாமா, ஐயா என்று கெஞ்சாதவர்கள் யார்? முன்துடுப்புக்காரன் டெச்சி திரும்பி, "உனக்கு ஊரெல்லாம் மருமவளுங்கப்பா" என்றான். நானும் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மாவா?

எங்கள் சனத்தில் ஆணுக்கு அக்கா தங்கை பெற்றதுதான் வாரிசு. அரபாவுக்குப் பதினாலு வயது. என் வீட்டின் வேரே அவள்தான்.

படகைத் தள்ளிக்கொண்டு கப்பலுக்குப் போனேன். ஆங்கிலேயக் கப்பல் அது. அதன் தலைவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

"வா அன்சா! இன்னிக்கு ஏத்துறதுக்கு ஒண்ணுமில்லையே?"

"நேத்து வந்த பொண்ணுல ஒருத்தி என் அக்கா மக. அவ அடிமையில்ல. இந்த ஊர்க்காரி."

"எனக்கெப்படித் தெரியும்? நீதானப்பா கொண்டாந்து ஏத்தின?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கோபப்படவே இல்லை. சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிறவனைப் போலப் பேசினான்.

"ஒருத்திக்கு ரெண்டு பேரு. அதான் வழக்கம். சாயங்காலம் காத்து திரும்புறதுக்குள்ள கொண்டா."

எங்கள் கரையில் சத்தியம் என்றால் ஒரே கோப்பையில் குடிப்பது. கடலுக்கு ஒரு வாய் ஊற்றிவிட்டு இருவரும் பகிர்ந்து குடிக்க வேண்டும். குடித்த பிறகு, பேரத்தைக் கேட்டு வந்தவன் தன் பங்கை முதலில் கொடுக்க வேண்டும்; பிணை கேட்டால் அவமானம். எங்கள் ஊரில் திருடன்கூட அந்தக் கோப்பையை மீறமாட்டான். வெள்ளைக்காரன் ஊற்றினான், குடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டான். நான் நம்பினேன்.

கரையில் அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நேரே வீட்டுக்குள் போனாள். அங்கே எங்கள் வீட்டு அடிமைகள் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் வடக்கே உள்நாட்டிலிருந்து வாங்கியவர்கள். அதோங்கோ என்ற ஆள், லாரிபா, லாரிபாவின் மகள் அசிபி. அசிபிக்கு அரபாவைவிட ஒரு வயது கூட.

"துணி வந்திருக்கு, தூக்கிட்டு வரணும். அதோங்கோ, அசிபி, ரெண்டு பேரும் ஐயாவோட போங்க" என்றாள் அக்கா.

டெச்சியும் மற்றவர்களும் துடுப்பு போட, படகில் இருவரும் உட்கார்ந்து வந்தார்கள். கட்டு இல்லை. முகம் என்னைப் பார்த்து இருந்தது.

"ஐயா, செவப்புத் துணி இருக்குமா?" என்று கேட்டாள் அசிபி.

"இருக்கும்" என்றேன். அலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கப்பலில் இருவரையும் கைகொடுத்து மேலே தூக்கிக்கொண்டார்கள். நான் கீழே காத்திருந்தேன். நங்கூரக் கயிறு கிறீச்சிட்டது. பாய் விரிந்தது.

"எங்க பொண்ணு எங்கே? ஏய், கோப்பையில குடிச்சியே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தலைவன் விளிம்பில் சாய்ந்து நின்றான். "காத்து வந்துடுச்சே அன்சா! அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றான். எப்போதும் கொடுக்கும் கூலிச் சாராயப் புட்டி ஒன்றைப் படகுக்குள் போடச் சொன்னான். அதைத் தூக்கிக் கடலில் எறிந்தேன். கை மரத்துப் போகும்வரை துரத்தினோம். பாயோடு துடுப்பு போட்டி போட முடியுமா? டெச்சிதான் முதலில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அழுதான்.

திரும்பியபோது அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"எம் பொண்ணு எங்கடா?"

"ஏமாத்திட்டான்கா."

அவள் போட்ட கூப்பாட்டில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பாவி வெள்ளைக்காரன் நாசமாய்ப் போவான் என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். நானும் சேர்ந்து தூற்றினேன்.

லாரிபா கூட்டத்துக்கு வெளியே நின்றாள். காலிப் படகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தன் மகள் எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக அவள் எதையும் கேட்டதே கிடையாது. அவளை யாரும் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அவளிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதே என்று லாரிபா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.