பின்னறைச் சுவர்

பின்னறையில் இருந்த பீரோவை நகர்த்தியதும் தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் பச்சை, நடுவில் பஞ்சு ஒட்டிய மாதிரி சாம்பல் நிறப் பூசணம். "போன வாரம் வரைக்கும் ஒண்ணுமே இல்லப்பா. இந்த மழைக்குத்தான் வந்துச்சு" என்றாள் வீட்டுக்காரி சரோஜம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். போன வாரத்துக்கு முன்னால் பூசணம் பூத்த வீடு ஒன்று ஓசூரில் இருப்பதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

சிப்காட் வந்து, கம்பெனிகள் வந்து, கம்பெனிக்காரர்களுக்காக ராயக்கோட்டை ரோட்டிலும் தளி ரோட்டிலும் அவசர அவசரமாக வீடுகள் முளைத்த பிறகு தீர்த்தகிரி பிடித்துக்கொண்ட தொழில் இது, சுவர்ப் பூசணத்தைச் சுரண்டி மருந்தடிப்பது. அதற்கு முன்னால் பேரிகைப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்துக்கொண்டிருந்தார். கொடியில் பிடிக்கும் பூசணத்துக்குச் சரியான மருந்து சுவருக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டக்காரன் மேல் இருந்த மரியாதை வீட்டுக்காரர்கள் மேல் அவருக்கு வரவில்லை. முன்னறையில் டிவிக்குச் சரிகை உறை போட்டிருப்பார்கள், பின்னறையில் ஈரத்துணியைக் கட்டில் மேலேயே காயப்போட்டிருப்பார்கள். சாமி படத்தை மாட்டிப் பூசணத்தை மறைத்திருப்பார்கள். படத்தைக் கழற்றினால் சாமியின் முதுகும் பூத்திருக்கும். இஞ்சினியர் வீடு, வாத்தியார் வீடு, வட்டிக்கடைக்காரர் வீடு என்று வித்தியாசமே கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே அன்றைக்குப் பார்த்த குடும்பத்தின் மானத்தையும் சேர்த்துக் கழற்றிப் போடுவார். மனைவி கெம்பம்மா உலையை வைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். நாளாக ஆக அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இந்த வீட்டுக்கு அவர் வந்தது மட்டும் வேறு கணக்கில். ஹார்டுவேர் கடை கிருஷ்ணப்பன்தான் வேலையைச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்களாம், அதற்குள் பின்னறையைச் சுத்தம் பண்ண வேண்டுமாம். தெருவையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டதும் தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரப்போகிற அந்தப் பெண் வீட்டாரே அவர்தான். மகள் பூவம்மாளுக்கு மச்சான் திம்மப்பன் கொண்டுவந்த இடம் அது. மலைக்கோயிலில் பெண்ணைக் காட்டியபோது, சுண்ணாம்பில் வெந்த கையோடு வந்து நிற்க வேண்டாம் என்று கெம்பம்மா அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டில் அவரைக் காண்ட்ராக்டர், கீழே பத்து ஆள் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் இந்த வீட்டில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கம்பி பிரஷ்ஷோடு வந்து இறங்கிவிட்டார். வீடு பார்ப்பதென்றால் இப்படிப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேசரி தின்றுகொண்டு பார்ப்பதில் என்ன தெரியும் என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார்.

"ஏம்பா பெயிண்டர், பொறவாசப் பக்கமா வந்து போ. நடு ஊட்டுல காலு வெக்காத" என்று சொல்லிவிட்டு, சரோஜம்மாள் உள்ளே திரும்பித் தெலுங்கில் யாரையோ பிடிபிடியென்று பிடித்தாள். நீ படுத்து எழுந்துதான் இந்தச் சுவர் இப்படி ஆனது, உன் மூச்சே பீடை, ஞாயிற்றுக்கிழமை முடிகிற வரைக்கும் இருமினாய் என்றால் உன் அப்பன் வீட்டுக்கே போய்விடு என்றாள். பெயிண்டருக்குத் தெலுங்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பு. ஓசூரில் நாய்க்குக்கூட மூன்று பாஷை தெரியும்.

திட்டு வாங்கியவள் மூத்த மருமகள் சென்னம்மாள். அவள் புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. அவளுக்கு ஒதுக்கிய அறை இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், குழாய் கசிந்துகொண்டே இருந்தது. இருந்த ஒரே ஜன்னலுக்கும் வெளியே விறகை மேல் வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். விறகு நனையக் கூடாது என்று அந்த இடமாம். நனையக் கூடாத விறகு மேல் காட்டிய அக்கறையை வீட்டுக்கு வந்த பெண் மேல் காட்டவில்லையே என்று தீர்த்தகிரி காறித் துப்பினார். நல்லவேளை, என் மகள் தப்பித்தாள் என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

சுரண்டி முடித்து பிளீச்சிங் பவுடர் கரைசலை அடித்துக்கொண்டிருந்தபோது சென்னம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்து ஒருமுறை இருமி முடித்தாள்.

"அண்ணா, ரொம்ப நல்லா அடிச்சிடாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு மூலையில கொஞ்சூண்டு உட்டுடுங்க. வர்ற பொண்ணு ஊட்டுக்காரங்க கண்ணுல பட்டாப் போதும். நாந்தான் வந்து மாட்டிக்கிட்டன். அவளாவது வராம இருக்கட்டும்."

"என் வேலையில கொற வெக்கச் சொல்றியாமா? இந்தக் கை அடிச்ச சுவத்துல எவனும் ஒரு பொட்டுக் கறுப்பு காட்ட முடியாது" என்றார் தீர்த்தகிரி. மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் கவலைப்படுகிற பெண்ணுக்கு அப்பனே நான்தான், எனக்கு எதற்கு மூலையில் அடையாளம், வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று அவர் நினைத்தார். குழாயை அடைக்காமல், ஜன்னலைத் திறக்காமல் என்ன அடித்தாலும் கார்த்திகைக்குள் மறுபடி பூத்துவிடும் என்றும் தெரியும். அதற்காக அரைகுறையாக விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. கரி அடுப்பை வைத்துச் சுவரை உலர்த்தினார். மயில்துத்தம் கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்து, மேலே டிஸ்டெம்பரும் இழுத்தார். இவ்வளவு கேவலமான ஜனங்களுக்கு இவ்வளவு நல்ல சுவரா என்று கடைசியில் அவருக்கே தோன்றியது.

அன்று சாயங்காலமே கெம்பம்மாவிடம் பேச்சை எடுத்தார். "அந்த எடம் வாணாம். நல்ல ஊடு இல்ல."

"யாரு சொன்னாங்க?"

போய்ப் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி வீட்டுக்குப் பின்வாசல் வழியாக, கோவணத்துண்டு மாதிரி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போய்ச் சுவர் சுரண்டினேன் என்று எப்படிச் சொல்வது? கெம்பம்மா தூக்கில் தொங்குவாள். "கேள்விப்பட்டன். சுவரெல்லாம் பூசணமாம். மருமவள போட்டு வாட்டறாங்களாம்" என்றார்.

கெம்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கெலமங்கலத்துப் பையன் ஊட்டுலயும் பூசணம்னீங்க. சூளகிரி எடத்துலயும் பூசணம்னீங்க. ஒங்க கண்ணுக்கு எந்த ஊடு மனுசன் இருக்கற ஊடாத் தெரிஞ்சிருக்குது? ஊர்ல எல்லாரும் அழுக்கு, நீங்க ஒருத்தரு சுத்தம். ஒங்க பேச்சக் கேட்டா எம்பொண்ணு கெழவியாயிடுவா. ஞாயித்துக்கெழம நானே கைய வெச்சுப் பாக்கறன். பூசணம் இருந்தா வாணாம்னு நானே சொல்றன், போதுமா?"

சூளகிரி வீட்டில் பூசணம் இருந்தது உண்மை. அந்தப் பையன் தங்கமானவன், இப்போது இரண்டு குழந்தைகளோடு நன்றாக இருக்கிறான் என்பதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டியில் வந்து இறங்கிய தீர்த்தகிரியைப் பார்த்ததும் சரோஜம்மாள் ஒரு கணம் கல்லாய் நின்றாள். அவர் கையில் பிளந்திருந்த சுண்ணாம்பு வெடிப்புகள் வரைக்கும் பார்த்தாள். பிறகு உதட்டோரம் ஏளனமாக வளைந்தது. "வாங்க சம்பந்தி, காண்ட்ராக்டர் வாங்க" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். இவன் வாயைத் திறந்தால் இவன் மானம்தான் முதலில் போகும் என்று அந்த ஒரு கணத்திலேயே கணக்குப் போட்டுவிட்டாள். அவருக்கு அது புரிந்தது. அவள் மேல் வந்த அருவருப்பு தம் மேலேயும் கொஞ்சம் வந்தது.

கேசரி முடிந்து கெம்பம்மா எழுந்தபோது, சரோஜம்மாளே முன்னால் நடந்து பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். "நல்லாக் கைய வெச்சுப் பாருங்க. எங்க ஊட்டுல ஒளிவு மறைவு கெடையாது." சென்னம்மாளின் பாய், பெட்டி எதுவும் அங்கே இல்லை. இங்கே ஒருத்தி படுத்து எழுந்தாள் என்பதற்கு அடையாளமே இல்லை. கெம்பம்மா சொன்னபடியே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மூலைக்கு மூலை தடவினாள். குனிந்து தரையோரம் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. "மொழுமொழுன்னு எவ்ளோ லட்சணமா இருக்குது!" என்றாள் திம்மப்பனிடம். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் உன் வாயால் எத்தனை குடும்பத்தை நாற அடித்திருப்பாய் என்று கேட்கிற பார்வை.

"அப்பறம் என்ன மாமா, வெத்தலபாக்கு மாத்திக்கலாமா?" என்றான் திம்மப்பன். வீட்டில் பூவம்மாள் தலைக்குக் குளித்து, நல்ல சேதிக்காகக் காத்திருந்தாள். எல்லாரும் தீர்த்தகிரியின் வாயைப் பார்த்தார்கள்.

சென்னம்மாள் காபித் தட்டோடு உள்ளே வந்தாள். வாசற்படியிலேயே அவரை அடையாளம் தெரிந்து நின்றாள். அவர் வேட்டியை, கெம்பம்மாவின் பட்டுப் புடவையை, மாப்பிள்ளையின் மாமன் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாகச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு இருமல் வந்தது. அதை விழுங்கியதில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அவள் நேராக அவரிடம் வந்து தட்டை நீட்டினாள்.

"சூடா இருக்குதுண்ணா."

அவர் டம்ளரை எடுத்தார். கை பொறுக்க முடியாத சூடு. வைப்பதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அந்த வெள்ளைச் சுவரில் முதுகு படாமல் ஒதுங்கி, டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே அவர் நின்றார்.