புதன்கிழமை பூட்ஸ்

“அப்போ அந்தக் குதிரைங்க என்னடா ஆகும்?”

அன்று அண்ணன் கேட்டது அது ஒன்றுதான்.

“வித்துடுவாங்கண்ணே. தீயணைப்புக்காரங்களுக்கும் ஆம்புலன்ஸ்காரங்களுக்கும் மனசு தேற, குதிரையோட பழகணுமாம். அதுக்கு அரசாங்கம் பணம் தரணுமாம்! கொள்ளுன்னா வாயைத் திறக்கிற கூட்டம். ‘தேவையற்ற செலவு’ன்னு எழுதி ஃபைலை மூடிட்டேன்.”

அண்ணன் சிரித்தார். நிதித்துறையில் இருக்கும் தம்பி சொன்ன நகைச்சுவைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அண்ணிதான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

அது நடந்து ஏழு மாதம். இன்று விடியற்காலை அண்ணனின் இதயம் நின்றுபோனது. கூடத்தில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் அவருக்குச் சீருடை அணிவித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் தம்பி கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவி, ஒரு ஜோடி பூட்ஸை வெளியே இழுத்தான். அடியெல்லாம் வைக்கோல், காய்ந்த குதிரை லத்தி.

“அது இல்ல தம்பி,” என்றாள் அண்ணி. “அது புதன்கிழமை பூட்ஸ்.”

புதன்கிழமைகளில் அண்ணனுக்கு இரட்டை டியூட்டி என்றுதான் குடும்பமே நம்பியிருந்தது.

“துணிக்கடைத் தீயில இருந்து நாலு பேரைத் தூக்கிட்டு வந்தாரே, அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. உக்காந்தே இருப்பார். புதன்கிழமை அந்தக் குதிரைங்ககிட்ட போக ஆரம்பிச்சுதான் தூங்கினார். அது நின்னுபோனதும் மறுபடி பழைய கதை. இதைக் கழுவக்கூட விடல.”

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி…”

“விட்டாத்தானே? ‘தெரிஞ்சா அவன் கூசிப்போயிடுவான், விடு’ன்னார்.”

அவன் விரல் நகத்தால் பூட்ஸின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

கதவோரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “பூட்ஸ் கிடைச்சுதா சார்?”

‘சார்’ என்ற அந்த மரியாதை, கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அண்ணி டியூட்டி பூட்ஸை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“இவங்கள்ல வேற யாராவது அங்க…?”

“மூணு பேர். இப்ப வந்துட்டுப் போனவரும்தான்.”

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஏழு மாசமா வாய்வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். இனிமே என்னைத் தடுக்க ஆளில்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “குதிரைங்களை இன்னும் விக்கல தம்பி. அந்த ஃபைலைத் திரும்பத் திறங்க.”