உப்பு ஜன்னல்

ஸ்பானர் அக்கா ஒரு தடவை இறுக்கினால் அந்தப் பக்கம் காற்றுகூடக் கசியாது என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் பேச்சு. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வாயுக்களைச் சோதிக்கும் குழாய்களுக்கு ஜன்னல் மாட்டுவது அவள் வேலை. ஜன்னல் என்றால் கண்ணாடி இல்லை, உப்பு. குழம்பில் போடுகிற அதே உப்புதான். அதை ஒரே படிகமாக வளர்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக அறுத்து, கண்ணாடியேதான் என்று சத்தியம் செய்யும் அளவுக்கு மெருகேற்றியிருப்பார்கள். கண்ணாடி மறித்துவிடும் வெப்பக் கதிர் உப்புக்குள் தாராளமாகப் போகும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

மெருகேற்றுகிறவள் அவளுடைய நாத்தனார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் ஸ்பானர் அக்காதான். நாத்தனாருக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். உப்புக்கோ ஈரம் ஆகவே ஆகாது. விரல் பட்ட இடம் புகை படிந்த மாதிரி மங்கிவிடும். அதனால் அவள் ரப்பர் கையுறை இல்லாமல் நாற்காலியில் உட்காரவே மாட்டாள். "எங்க அண்ணி சிபாரிசுல வந்தவ நான். அவங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துடக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள்.

அந்த முறை வந்தது புது மாதிரி ஆர்டர். குழாயை நன்றாகச் சுடவைத்துச் சோதிக்க வேண்டுமாம். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சாதாரண அறைச் சூட்டுக்குத்தான். ஸ்பானர் அக்கா வழக்கம்போல ஜன்னலை இரும்பு வளையத்துக்குள் கச்சிதமாகப் பொருத்தி, வழக்கம்போல இறுக்கினாள். வாங்க வந்தவர்களும் முதலாளியும் சுற்றி நிற்க, சூடு ஏற்றினார்கள். பாதிச் சூட்டிலேயே 'டிக்' என்று ஒரு சத்தம். ஜன்னலில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு விரிசல்.

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. "யார் பாத்த வேலை இது?"

"மெருகுலதான் கோளாறு சார். கை ஈரம் பட்டிருக்கும்" என்றாள் ஸ்பானர் அக்கா. வாய் முந்திக்கொண்டது. ஈரம் பட்டால் உப்பு மங்கும், இப்படி விரிசல் விடாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? சொல்லும்போதே தெரியும்.

"அண்ணி, நான் கையுறை போட்டுக்கிட்டுத்தான்..."

"எத்தனை தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கேன் உன்கிட்ட!"

சொந்தக்காரி என்றுகூடப் பார்க்காமல் கண்டிக்கிறாளே என்று பின்னால் யாரோ மெச்சவும் செய்தார்கள். அன்றைக்கே நாத்தனாரைப் பேக்கிங் பக்கம் தள்ளிவிட்டார்கள். மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு, தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி.

வீட்டில் நாத்தனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சமைக்கும்போது, "உப்ப மட்டும் நீங்க போட்டுடுங்க அண்ணி" என்று ஒதுங்கிக்கொண்டாள். "என்ன தங்கச்சி, டப்பாவும் விரிசல் விட்டுடுமா?" என்று அவள் அண்ணன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. தெருவைக் கடக்கும்போது ஸ்பானர் அக்காவின் குட்டிப் பெண் அத்தையின் கையைப் பிடிக்கப் போனாள். "என் கை வேணாம்டா செல்லம், பையப் பிடிச்சுக்கோ" என்றாள் நாத்தனார். பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்பானர் அக்காவின் காதிலும் அது விழுந்தது.

அடுத்த ஜன்னலை அவளே தேய்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வளையத்தில் இறுக்கிச் சூடு ஏற்றினாள். 'டிக்.' அதே ஓரம், அதே விரிசல். அவள் கை காய்ந்த கை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரியில் படித்ததுதான் எல்லாம். உப்புக்குள் நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் மாறி மாறி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கின்றன. சூடு ஏறினால் நின்ற இடத்திலேயே துடிக்கும். பக்கத்து அயனியை ஓரளவுக்கு மேல் நெருங்க விடாது, விலகத்தான் இடம் கொடுக்கும். ஆக மொத்தத்தில் படிகமே விரிகிறது. அதுவும் இரும்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். விரிகிற உப்பை விரியாத வளையத்துக்குள் நெருக்கினால் அது எங்கே போகும்? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், கையில் ஸ்பானர் வந்ததும் மறந்துவிட்டாள்.

உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். திணிக்கும்போதே, திருடி மாதிரி இப்படி ஒளிக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது. பிறகு இன்னொரு ஜன்னலைச் சற்றே பெரிய வளையத்தில் வைத்து, சுற்றிலும் கெட்டித்தாள் நுழையும் அளவு இடம் விட்டு, திருகுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து, விரலால் மட்டும் திருகினாள். முழுச் சூட்டுக்கும் ஜன்னல் விரிசல் விடவில்லை.

சாயங்காலம் அடுப்படியில், காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு உன் மேல இல்லமா. நான்தான் இறுக்கிட்டேன். உன் மேல பழியத் தூக்கிப் போட்டப்பவும் எனக்கு மனசுக்குள்ள தெரியும்."

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்ப என் கை இல்லையா அண்ணி?"

"இல்லவே இல்ல."

"இத அங்கயும் சொல்லுவீங்களா? எல்லார் முன்னாடியும்?"

ஸ்பானர் அக்கா உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். குக்கர் ஒரு விசில் அடித்து ஓயும்வரை அவள் வாய் திறக்கவில்லை. சொல்கிறேன் என்று அவள் சொன்னபோது நாத்தனார் மறுபடியும் காய் நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் காலை முதலாளியையும் எல்லோரையும் கூப்பிட்டாள். ஒரு கழிவுப் படிகத்தைப் பழைய வளையத்தில் இறுக்கிச் சூடு ஏற்றினாள். அது 'டிக்' என்றது. "போன தடவையும் இதான் நடந்துச்சு. ஈரமும் இல்ல, மெருகும் இல்ல. நான்தான் தப்பாப் பொருத்துனேன். தெரிஞ்சேதான் இவ மேல பழி போட்டேன்." முதலாளி என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கூனிக் குறுகி நின்றாள்.

முதலாளி சிரித்துவிட்டார். "அட, விடுங்கம்மா! புது வேலைன்னா முன்ன பின்ன ஆகத்தான் செய்யும். இத்தனை வருஷத்துல ஒரு தப்பு. இதப் போய் இவ்வளவு பெருசா எடுத்துக்கறீங்களே!" நாத்தனார் மெருகு மேசைக்கே திரும்பிவிடலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆளாளுக்கு ஸ்பானர் அக்காவைத் தேற்றினார்கள். "யாருக்கும் நடக்கறதுதாங்க்கா." யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள்.

டீயை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். நாத்தனார் எதிரே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தில் வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

"எனக்கு யாருமே இப்படிச் சொல்லலையே அண்ணி" என்றாள்.