அந்தோணியார் கோயில் பூட்டு

“அறுத்துப் போடுன்னு சொல்ல உங்களுக்கு எப்படீங்கக்கா வாய் வந்துது…”

“நான் எங்க புள்ள அறுக்கச் சொன்னேன்? நீயே தெறந்து உடுன்னுதான…”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க. அவன் வராம அது தெறந்துச்சுன்னா, இனி வரமாட்டான்னு நானே சொன்னாப்பல ஆயிரும்.”

“சாமியாரு வண்டி வந்து நிக்குது, சாலம்மா.”

“நிக்கட்டுமுங்க. நானுந்தான் நிக்கறேன், ஒம்பது வருசமா.”

சூசையம்மாள் கோயில் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பீடத்துப் பக்கம் பார்த்தாள். சுவரில் குடைந்த மாடத்துக்குள் அந்தோணியார் நின்றார். மாடத்துக்கு ஒரு கம்பிக்கதவு. கதவின் கொண்டியில் சாலம்மாளின் பூட்டு.

கரட்டடியில் அந்தக் கோயில் முதலில் ஓலைக் கொட்டகையாகத்தான் இருந்தது. சூசையம்மாளின் மாமனாருக்கு அப்பன் காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவாராம். அப்புறம் மண்சுவர், அதற்கும் அப்புறம் காரைச்சுவரும் ஓடும். காரைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்தது சாலம்மாளின் புகுந்த வீட்டு வண்டிகள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். காணாமல் போன எருமையை அந்தோணியார் காட்டிக்கொடுத்தார் என்று வண்டி பூட்டினார்களாம்.

எதையாவது தொலைத்தவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து, பீடத்து ஓரமாகத் தொங்கும் சங்கிலியில் ஒரு பூட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவார்கள். தொலைந்தது கிடைத்தால் வந்து திறப்பார்கள். கிடைக்காவிட்டால் அது அங்கேயே துருப்பிடிக்கும். சங்கிலியில் அப்படித் துருப்பிடித்த பூட்டுகளும் நிறைய உண்டு.

சாலம்மாளின் மகன் இளவழகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போனவன். ராய்ப்பூர் தாண்டி ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கினான், திரும்ப ஏறவில்லை. கூடப் போனவர்கள் தேடினார்கள், போலீசும் தேடியது. சேதி வந்த அன்று, செவ்வாய்க்கிழமைகூடப் பார்க்காமல் ஓடிவந்தாள் சாலம்மாள். சங்கிலி அவள் கண்ணில் படவேயில்லை. மாடத்துக் கதவிலேயே பூட்டைப் போட்டு அழுத்திவிட்டு, “எம்பையன் கையாலதான் இதைத் தெறக்கோணும்” என்று அந்தோணியாரிடம் சொல்லிவிட்டாள். சூசையம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். தலையில் அடித்துக்கொண்டு அழுகிறவளிடம் பூட்டை மாற்றிப் போடு என்று எந்த வாயால் சொல்வது? பையன் பத்து நாளில் வந்துவிடுவான் என்றுதான் ஊரே நினைத்தது.

பையன் வரவில்லை. அந்தோணியாரும் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. மாலையைக் கம்பியில் மாட்டினார்கள். திருநாளுக்குச் சப்பரத்தில் அவருடைய போட்டோவை வைத்துத் தூக்கினார்கள். “நம்மூரு அந்தோணியாருக்கு இன்னும் ஜாமீன் கெடைக்கல” என்று இளவட்டங்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் பூட்டில் கை வைத்ததில்லை. அவர்களும் தறிக்கென்று பள்ளிபாளையம், வேறு வேலைக்கென்று சேலம் என ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, கோயிலுக்கு மிஞ்சியது மூன்று குடும்பம். போன ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் பிளந்தது. இடித்துவிடுவது, அந்தோணியார் சுரூபத்தைப் பங்குக் கோயிலுக்குக் கொண்டுபோவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று.

சுரூபத்தை எடுத்துப்போக வேனோடு வந்திருந்த இளவயதுச் சாமியார் வாசலில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க சாமி, சின்னதா ஒண்ணு இங்கயே கட்டப்படாதுங்களா?” என்றாள் சூசையம்மாள்.

“மூணு குடும்பத்துக்கு எப்படிம்மா கட்டறதுன்னு கேக்கறாங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன்.”

“நீங்க சொன்னீங்க, நானுஞ் சொன்னேன். சொல்றதுக்கு மட்டும் நம்முளுக்கு வாயி இருக்குது.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கொத்தனார் மயில்சாமி கட்டிங் மிஷினைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே குந்தியிருந்தான். “மூணு பேருஞ் சேந்து ஒண்ணு சொல்லுங்க. அறுக்கறதா, ஊட்டுக்குப் போறதா?”

சூசையம்மாள் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் மயில்சாமி, பூட்டைத் தொடாம, கதவை நிலையோட பேத்து எடுத்தர்லாமா?”

“செவுரே உழுவப் போவுது. கதவு என்னுங்க, தாராளமா எடுக்கலாம்.”

“கேட்டுக்கிட்டியா சாலம்மா? பூட்டுப் பூட்டுனபடி இருக்கும்.”

சாலம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “உளி படாதுல்லீங்க?”

“படாது, நானாச்சு” என்றான் மயில்சாமி.

அவள் போய்ப் பூட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நிலையைச் சுற்றி உளி இறங்கியது. பழைய காரை மாவாக உதிர்ந்து அவள் தலையை வெள்ளையாக்கிற்று. அந்தோணியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி ஓடியது. நிலை அசைந்து கதவோடு கையில் வந்தபோது, வேனில் வந்த டிரைவரும் மயில்சாமியும் அதைத் தூக்கிப்போய் வெளியே வேப்பமரத்தில் சாய்த்தார்கள். பூட்டை விடாமல் சாலம்மாளும் கூடவே நடந்தாள்.

அதனால் அந்தோணியாரை இறக்கியதை அவள் பார்க்கவில்லை. ஒன்பது வருசத்துத் தூசியோடு அவரைத் துண்டில் சுற்றி, வைக்கோல் பரப்பிய வேனில் படுக்க வைத்தார்கள். சூசையம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “கதவை அந்தம்மா வீட்டுக்கே கொண்டுபோகட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாமியார் ஏறிக்கொண்டார். வேன் கரட்டைச் சுற்றிப் போய் மறைந்தது.

சூசையம்மாள் மரத்தடிக்கு வந்தாள். மனசில் கொஞ்சம் பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது.

“பாரு புள்ள. ஒரு கீறலு உழுந்திருக்குதா? சொன்னாப்பலயே எடுத்துட்டான்.”

சாலம்மாள் பூட்டின் மேலிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தாள். சாவித் துவாரத்தை ஊதினாள். பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாரின் பாதத்தைத் தொடுவதற்கு விடுவதுபோலக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டாள். விரல் மரப்பட்டையில் போய் முட்டியது. கையை எடுக்காமலே திரும்பினாள்.

“பூட்டு பூட்டுனபடியேதானுங்க இருக்குது. அவன் வந்தான்னா, இதைத் தெறந்து ஆரைப் பாருன்னு அவங்கிட்டச் சொல்லட்டுமுங்கக்கா?”