கப்டன் தோர்ன்டனின் வெளியீட்டு விழா

இரத்தினசிங்கம் தோர்ன்டன் தன் குடும்பப் பெயருக்காகவே இருபது வருடம் மினக்கெட்டு ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்தபோது, எந்த வெள்ளைக்காரர் காசு அனுப்பினாரோ அவருடைய பெயரையே அங்கே படிக்கிற பிள்ளைக்குச் சூட்டிவிடுவார்கள். இவருடைய பூட்டனின் தகப்பனுக்கு அப்படிக் கிடைத்ததுதான் அமெரிக்கக் கடற்படைக் கப்டன் எலைஷா தோர்ன்டனின் பெயர். கப்டன் யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. அதனால் என்ன? புலம்பெயர்ந்து குடியேறிய செவன் ஹில்ஸ் வீட்டு விறாந்தையில் அவருடைய படம் யேசுநாதருக்குப் பக்கத்தில், அவரைவிட அரை அடி உயரத்திலேயே தொங்கியது.

மகள் மார்கரெட் கப்டன் கதை கேட்டே வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் கப்பலேறியது, திரிப்போலிக் கடற்கொள்ளையரை ஓட ஓட விரட்டியது, ஆங்கிலேயரோடு மோதி ஒரு கண்ணைப் பறிகொடுத்தது, மிச்சக் கண்ணை வைத்துக்கொண்டே ஒரு போர்க்கப்பலை ஆட்டிப்படைத்தது. கதை முடிந்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். கணக்குப் பிழைத்தால் அடி, கோயிலில் கொட்டாவி விட்டால் அடி, குறுக்கே வந்தால் அம்மாவுக்கும் அடி. பிறகு கையைக் கழுவி, ஜெபம் சொல்லி, ஆறுதலாக இருந்து சாப்பிடுவார் மனுசன். நாசமாய்ப் போக! அடியை விட அந்தச் சாப்பாட்டைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

டொக்டரானதும் மார்கரெட் மெல்பேணுக்கு ஓடிவிட்டாள். அங்கே அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒதுக்கிவைத்து, வா வா என்று கெஞ்சினாள். அன்னம்மா அசையவே இல்லை. கடைசியாக ஒருநாள் போனில் வாய் திறந்தாள்.

"விட்டிட்டு வந்தா சனம் என்னைத்தானே பிழை சொல்லும், பிள்ளை. நாலு பேருக்கு முன்னால அந்த மனுசன் செய்தது பிழையெண்டு ஒருத்தர், ஒரேயொருத்தர் சொல்லட்டும். அண்டைக்கே உன்னோட வாறன்."

2003 மார்கழியில் அந்த நாலு பேர் அப்பாவின் நகரத்து ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபத்தில் கூடினார்கள். முதற்பிரதி வாங்க மகளையே அழைத்திருந்தார் இரத்தினசிங்கம். பிள்ளை மேடையேறினால், அவள் ஓடிப்போனதைப் பேசிய ஊர்வாய் மூடுமென்பது அவர் நினைப்பு. மார்கரெட் ஓம் என்றாள். அம்மாவின் பெட்டிக்கு இடம் விட்டு மெல்பேணிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் வெளியீட்டு விழாக்களுக்கு யார்தான் புத்தகத்தை வாசித்துவிட்டு வருகிறார்கள்? ஆய்வுரை சொன்ன பழைய பள்ளிக்கூட அதிபர் வரதராஜாவே முன்னுரையை மட்டும் மேய்ந்துவிட்டு வந்து, கப்டனை வானளாவப் புகழ்ந்தார். முழுவதையும் வாசித்தவள் மார்கரெட் ஒருத்திதான். முதற்பிரதியை வாங்கியதும் மைக்கைப் பிடித்து, அப்பா எழுதியதையே வாசித்தாள்.

"ரொட்டி திருடிய மாலுமியைக் கப்டன் பாய்மரத்தில் கட்டி, உயிர் போகும்வரை சவுக்கால் அடிப்பித்தார். பின்பு ஜெபம் செய்து, இராச்சாப்பாட்டுக்கு அமர்ந்தார். நெஞ்சுரம் என்பது இதுவே."

புத்தகத்தை மூடினாள். "அப்பா என்னையும் அம்மாவையும் இப்பிடித்தான் அடிச்சவர். ரத்தம் வர வர அடிச்சவர். அடிச்சுப்போட்டு இருந்து சாப்பிட்டவர். இது பிழையெண்டு நினைக்கிற ஆராவது இங்க இருக்கிறியளோ?"

இரத்தினசிங்கத்தின் முகம் வெளுத்தது. அப்போது முன்வரிசையில் இருந்த யோகா அன்ரி, மாதர் சங்கத் தலைவி, பெரிதாகச் சிரித்தார். "அடியாத மாடு படியாதெண்டு சும்மாவே சொன்னவை? அந்த அடியாலதானே பிள்ளை இண்டைக்கு டொக்டரா நிக்கிறீர்!"

அவ்வளவுதான். சபையே சிரித்தது, கைதட்டியது. வரதராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "தகப்பனுக்கு இப்பிடி நன்றி சொல்லுற பிள்ளை இந்தக் காலத்தில எங்க இருக்கு?" என்றார். இரத்தினசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. கமராவுக்கு முன்னால் மகளை இழுத்து அணைத்து, விரல்களை நசுக்கியபடி காதுக்குள் சொன்னார்: "வீட்ட வா, கதைப்பம்."

அவள் உதறிவிட்டு மண்டபத்துக் குசினிக்கு ஓடினாள். அங்கே அடுப்பருகே அன்னம்மா, சபைக்குக் கொடுக்கத் தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வாங்கோ. கார் வெளியில நிக்குது."

அன்னம்மா நிமிரவில்லை. "எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். இவ்வளவு சனத்தில ஒருத்தர்கூடச் சொல்லேல்லையே, பிள்ளை. பிழை எங்கட பக்கம்தான் போல."

"அம்மா!"

அன்னம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தட்டைத் தூக்கினாள். கதவடியில் நின்று திரும்பினாள்.

"அப்பாவிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போ."